விரும்பினதைக் குடுங்க

தை மாதக் கடைசிச் செவ்வாய், காலை. கல்லடி பஸ் தரிப்பிடத்தில் தூறல். பக்கத்தில் ஒரு பெண் மடியில் சோற்றுப் பாத்திரத்தோடு, ஆங்கிலப் புத்தகத்தின் உடல்நலப் பாடத்தை முணுமுணுக்கிறார்: "டயட், சோல்ட், எக்சர்சைஸ்."

"சோதனைக்கா அக்கா?" என்கிறேன்.

"இல்ல தம்பி. இவர் ஆஸ்பத்திரியில. டொக்டர்மார் கட்டிலடியில நிண்டு இங்கிலீசிலதான் கதைக்காங்க. விளங்கட்டும் எண்டு படிக்கன்."

"விளங்குதா?"

"கொஞ்சம். உப்பில்லாத டயட் எண்டுதான் நெடுகச் சொல்லுவாங்க. நேத்து பெரிய டொக்டர் என்னோட தமிழிலயே கதைச்சார். இனி அவர் விரும்பினதையெல்லாம் குடுங்க எண்டார். நண்டுக்கறி கொண்டு போறன். அப்ப சுகமாகிட்டாரா தம்பி?"

"டொக்டரிட்டயே கேளுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வாவிப் பக்கம் திரும்புகிறேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ் வந்து நிற்கிறது. அவர் எழும்பவில்லை.