ஒரு ஸ்பிரிங் மிச்சம்

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குக் கணக்கு சிஸ்டர் என்று பெயர். நோயாளியின் வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் கத்தி எத்தனை, கத்தரி எத்தனை, துணி எத்தனை என்று எண்ணிப் பலகையில் எழுதுவாள். மூடுவதற்கு முன்னால் மறுபடி எண்ணுவாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தையல் போட விடமாட்டாள். பெரிய டாக்டர் கத்தினாலும் சரி, காலைத் தரையில் உதைத்தாலும் சரி, "ஒரு துணி குறையுது, சார்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு நிற்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு முறைகூட அவள் எண்ணியது தப்பாக இருந்ததில்லை. அவருடைய கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படி இருக்கையில் ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பஸ் ஒரு மணிக்கு ஒன்று. டாக்சிக்காரர்கள் திரும்பி வரச் சவாரி கிடைக்காது என்று அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கூடவே ஒரு சுற்றறிக்கை வந்தது: அவசர ஆபரேஷன் பட்டியலில் உள்ளவர்கள் போன் வந்த அரை மணிக்குள் தியேட்டர் வாசலில் இருக்க வேண்டும். முடியாதவர்கள் பழைய கோப்புகள் வைத்திருக்கும் ரெக்கார்டு ரூமுக்குப் போகலாம். மேட்ரன் அவளைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"மூணு மாசம் டைம் தரேன் சிஸ்டர். அதுக்குள்ள ஒரு வண்டிக்கு ஏற்பாடு பண்ணிக்கங்க. ஒரு தடவை லேட்டானாலும் என்னால காப்பாத்த முடியாது."

அவளுக்குத் தியேட்டரை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ரெக்கார்டு ரூமில் எண்ணுவதற்கு நிறைய இருந்தது, ஆனால் அங்கே எதுவும் குறைந்தால் யாரும் சாகமாட்டார்கள்.

புது வண்டி வாங்க வசதியில்லை, ஓடுகிற பழைய வண்டிக்கும் இல்லை. ஓடாத வண்டிக்குத்தான் கையில் இருந்தது போதுமானதாக இருந்தது. அப்படி ஒன்று மயக்க மருந்து டாக்டரின் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நாலு வருஷமாக மயக்கம் தெளியாமல் கிடந்த அந்தக் காரை அவளும் அவள் கணவருமாகக் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, இதுல நல்லா இருக்கறது ஹாரன்தான்" என்று சொன்னான். அழுத்திப் பார்த்தார்கள், ஹாரனும் அடிக்கவில்லை.

அவள் கணவர் ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துபவர். ஸ்பானருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் சத்தம்போட்டு வாசிப்பார். பழைய புத்தகக் கடையில் அந்த மாடலின் ரிப்பேர் கையேடு கிடைத்தது. நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை பக்கங்களை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுக்குள் இருந்த ஒரே மர நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவும் கையுமாக அவர் வாசிப்பார். அவள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்வாள்.

"எட்டாம் நம்பர் போல்ட்டைக் கழற்றியபின்... இங்க ஒரு கமா விட்டுப்போச்சு."

"என்னங்க, எண்ணெய் கண்ணுல சொட்டுது."

"இரு, போட்டுடறேன்."

ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய எஃகுத் தட்டுகள் ஆறு அவளிடம் இருந்தன. கழற்றியதையெல்லாம் மண்ணெண்ணெயில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். சுவரில் ஒரு கரும்பலகை. இடது பக்க பிரேக், வெளியே பத்தொன்பது, உள்ளே பத்தொன்பது. பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடித்திருந்தது. அதற்குள் ஐம்பது நட்டுகளைப் போட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். டேங்க் சுத்தமானது. வெளியே வந்தது நாற்பத்தொன்பது. ஐம்பதாவது நட்டு விழும் வரை இன்னும் ஒரு மணி நேரம் குலுக்கினார்கள். மாடிவீட்டுக்காரர் மறுபடி இறங்கி வரவில்லை, அந்த மாசம் முழுக்க இவர்களோடு பேசவும் இல்லை.

எலி கடித்த பின்சீட்டை வளைந்த ஊசியால் அவளே தைத்தாள். தழும்பு தெரியவில்லை. துரு தின்ற கதவுகளைச் சுரண்டி, ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக மீதியிருந்த பச்சைப் பெயின்டைத் தூரிகையால் அடித்தாள். தள்ளி நின்று பார்த்தால் பரவாயில்லை. அவர்கள் தெருவில் தள்ளி நிற்க இடமில்லை.

கடைசியாக மிஞ்சியது கார்புரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் சமாசாரம். உள்ளங்கை அகலத்துக்குள் அத்தனை பொடிசுகள். கையேட்டில் கிழிந்துபோன எட்டுப் பக்கமும் அதைப் பற்றியதுதான். படம் இல்லாமல் ஞாபகத்தை நம்பிக் கழற்றினாள். கழுவித் தட்டில் அடுக்கி எண்ணியபோது முப்பத்தேழு. கணவர் பலகையில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைப் பூட்டி முடித்தாள். சாவியைத் திருப்பினாள். கார் இரண்டு முறை தும்மியது, மூன்றாம் முறை ஓட ஆரம்பித்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மெக்கானிக் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தான். அவள் ஆஸ்பத்திரி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். வீட்டிலிருந்து தியேட்டர் வாசலுக்குப் பத்தொன்பது நிமிஷம். அன்றைக்கே மேட்ரனுக்குப் போன் செய்து பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய முறை என்று மேட்ரன் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒன்றை மறந்துபோனாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, எண்ணாமல் மூடியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டுகளைக் கழுவப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு தட்டின் மூலையில் ஒரு குட்டி ஸ்பிரிங் கிடந்தது.

"மிச்சம்தானே? குறையலையே" என்றார் கணவர்.

"மிச்சம்னா எங்கேயோ குறையுதுன்னு அர்த்தம்."

மெக்கானிக்கைக் கேட்டார்கள். அந்த மாடலில் இரண்டு தினுசு கார்புரேட்டர் உண்டு, ஒன்றில் அந்த ஸ்பிரிங் இருக்கும், இன்னொன்றில் இருக்காது என்றான். இது எந்தத் தினுசு என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தான்.

"ஓடுதுல்லக்கா? அப்புறம் என்ன? என் கடையில மிச்சமே ஒரு டப்பா நிறைய இருக்கு."

அந்த டப்பாவில் யார் யாருடைய பிரேக் ஸ்பிரிங்குகள் இருக்கின்றனவோ என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அவன் போனதும் பானட்டைத் திறந்தாள்.

"இன்னிக்கு உன் முறைடி. நாளைக்குத் திறக்கக் கூடாதா?" என்றார் கணவர்.

"பாதி வழியில நின்னுபோச்சுன்னா?"

"நிக்காது. நேத்து கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தோமே."

"எனக்கு அது நிக்காதுன்னு தெரியாதுங்க. எண்ணாம மூடினதை எப்படி ஓட்டறது?"

பத்தே காலுக்குச் சாப்பாட்டு மேஜைமேல் கார்புரேட்டர் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு திருகுக்கும் இடம் இருந்தது. ஸ்பிரிங்குக்கு மட்டும் இல்லை. பத்து இருபதுக்குப் போன் அடித்தது. குடல்வால் வெடித்த ஒருவரை உள்ளே கொண்டுபோகிறார்கள், உடனே வரவேண்டும்.

போன் வந்த நேரத்தைக் குறித்துவைப்பது அந்த வீட்டில் வழக்கம். கணவர் சிவப்புப் பேனாவை எடுத்து அதன் மண்டையை அழுத்தினார். முனை வெளியே வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். திருகிப் பிரித்துப் பார்த்தார். ரீஃபில் இருந்தது, ஸ்பிரிங் இல்லை. யோசிக்கும்போது பேனாவைப் பிரித்துப் பிரித்துப் பூட்டுவது அவருடைய பழக்கம். கார்புரேட்டரைக் கழற்றிய அன்று தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிறைய யோசித்திருந்தார். அதற்குப்பின் அந்தப் பேனாவுக்கு வேலை வரவில்லை.

ஊரார் பிழையெல்லாம் பிடிக்கிறவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதாம். பிறகு அவரே அவளிடம் சொன்னது.

"அது என்னோடதுடி" என்று பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவைப் பார்த்தாள், ஸ்பிரிங்கைப் பார்த்தாள். திட்ட நேரமில்லை. மணி பத்து இருபத்தொன்று.

"முப்பத்தாறு. ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுங்க. கேக்கறதை மட்டும் கொடுங்க."

இத்தனை வருஷமாக அடுத்தவர் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்த கை அது. அன்றைக்கு அது நீண்டது, அவர் வைத்தார். மிதவை, ஊசி, சின்னத் திருகு, பெரிய திருகு. இரண்டாம் முறை கழற்றியதால் விரல்களுக்கே வழி தெரிந்திருந்தது. பெயர் தெரியாமல் அவர் ஒரே ஒரு வாஷரை மாற்றிக் கொடுத்தார், அவள் திருப்பிக் கொடுத்தாள். கடைசித் திருகைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"எண்ணிட்டியா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர்மேல் அவளுக்கு இவ்வளவு ஆசை வந்தது. இரண்டு பேரும் எண்ணினார்கள். முப்பத்தாறு. எஞ்சினில் மாட்டிச் சாவியைத் திருப்பியபோது பத்து முப்பத்தைந்து. பழகிய மிருகம்போல் முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஒரு சிக்னலிலும் நிற்காமல் தியேட்டர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பத்து நாலு.

மேட்ரன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"முப்பத்து நாலு நிமிஷம், சிஸ்டர்."

"ஆமா மேடம்."

"வண்டி ரெடின்னு சொன்னீங்களே."

"ரெடிதான் மேடம். திறந்து வெச்சிருந்தேன்."

"ஓடற வண்டியை ஏன் திறந்தீங்க?"

"ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தது."

மேட்ரன் நோட்டில் முப்பத்து நாலு என்று எழுதினார். அவர் கெட்டவர் இல்லை, சொன்னதைச் செய்கிறவர், அவ்வளவுதான். அன்றைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை அவள் ரெக்கார்டு ரூமில் இருந்தாள்.

ரெக்கார்டு ரூமுக்குக் காரில் போக வேண்டிய அவசியமே இல்லை, பஸ்ஸில் போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் காரிலேயே போனாள். அது ஒரு நாளும் நிற்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. கோப்புகளைத் தூசு தட்டி எண்ணி அடுக்கினாள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் கணவர் பேனாவைத் தொடுவதையே விட்டுவிட்டுப் பென்சிலால் பிழை திருத்தினார்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரெக்கார்டு ரூம் போன் அடித்தது. தியேட்டரிலிருந்து. பேசியது பெரிய டாக்டரே.

"சிஸ்டர், முப்பது துணி உள்ள போச்சு. இருபத்தொன்பதுதான் வந்திருக்கு. புதுப் பொண்ணு அழறா. எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் தெரியல. வயிறு திறந்திருக்கு. கொஞ்சம் வரீங்களா?"

அவள் மாடியேறிப் போய்க் கை கழுவிக் கவுன் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள். தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரிக்கச் சொல்லி, நனைந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு முனையும் பிரித்து, உதறி, வரிசையாகப் பரப்பினாள். பெரிய டாக்டர் கைகளை மார்பருகே பிடித்துக்கொண்டு நின்றார். காலை உதைக்கவில்லை. பதினேழாவதைப் பிரித்தபோது இரத்தத்தில் ஒட்டிக்கொண்டு அது இரண்டாக வந்தது. அதோடு நிறுத்தாமல் மிச்சத்தையும் பிரித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். எண்ணி முடியும் வரை பெரிய டாக்டர் காத்திருந்தார்.

மறுநாள் காலை மேட்ரன் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் பட்டியல் நோட்டுத் திறந்திருந்தது.

"வண்டி இப்ப எப்படி இருக்கு?"

"ஓடுது மேடம். பத்தொன்பது நிமிஷம்."

"இனிமே திறப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள்.

"திறப்பேன் மேடம். கிளட்ச்ல ஒரு சத்தம் வருது."

மேட்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"திறக்கிற நாளை ஒரு வாரம் முன்னாடியே எழுதிக் கொடுத்துடுங்க. அன்னிக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று சொல்லி நோட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பெயர் பட்டியலில் மறுபடியும் இருந்தது.

அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, தியேட்டருக்கு அடுத்த கை கழுவும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு தாள் வாங்கி, அடுத்த வாரம் சனிக்கிழமை தன்னைப் பட்டியலில் போட வேண்டாம் என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் கிளட்ச் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.