ஓக் உத்திரத்தில் நான்கு கீறல்

மவுண்ட் ஆல்பர்ட்டில் இடிக்கப்போகும் பழைய பப் ஒன்றை அளந்து வரும்படி முதலாளி என்னை அனுப்பினார். வெள்ளைச் சுவர், கறுப்பு மரச் சட்டங்கள், தலையில் இடிக்கும் கூரை. இங்கிலாந்துக் கிராமத்து மதுக்கடைபோல வேஷம் கட்டியிருந்தார்கள். தட்டிப் பார்த்தேன். சட்டமெல்லாம் ஆணியடித்த வெறும் பலகை. சிரிப்பு வந்தது. ஊரில் கட்டடக்கலைப் பட்டம் வாங்கிவிட்டு, இங்கே அது செல்லாததால் அடுத்தவருக்குப் படம் கீறிக்கொடுக்கிற நான் போலியைப் பார்த்துச் சிரிக்கலாமா, தெரியவில்லை.

உள்ளே, கணப்புக்கு மேலே போன ஓக் மர உத்திரத்தைத் தொட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு ஆணிகூட இல்லை, மரமுளைகள் மட்டும். மூட்டருகே உளியால் வெட்டிய நான்கு கீறல்கள். அடுத்த மூட்டில் மூன்று. அந்தக் காலத்து ஆங்கிலேயத் தச்சர்கள் மரங்களைத் தரையில் பொருத்திப் பார்த்து, இப்படி இலக்கமிட்டுத்தான் தூக்கி நிறுத்துவார்கள். யாரோ ஒரு உண்மையான கிராமத்துப் பப்பைக் கழற்றி, கப்பலேற்றி, அதே இலக்கப்படி இங்கே பூட்டியிருக்கிறார்கள். சுற்றியிருந்த போலியெல்லாம் பிறகு வந்தது.

மூச்சிரைக்க முதலாளியிடம் சொன்னேன். மலேசியத் தமிழர், நல்லவர். என் விசாவைப் புதுப்பிக்கக் கடிதம் தரவேண்டியவரும் அவர்தான்.

"பழசுன்னு நீ எழுதினா கவுன்சில் இடிக்க விடாது, தங்கச்சி. இந்த வேலை போச்சுன்னா உனக்குக் குடுக்க என்கிட்ட வேற வேலை இல்ல."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். மகள் அடுத்த அறையில் ஆங்கிலத்தில் ஏதோ பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மரத்துக்காக நாங்கள் மூண்டு பேரும் திரும்பிப் போறதே?" என்றார் அவர்.

"இல்லை" என்றேன். வேறென்ன சொல்ல?

எங்கள் தொழிலில், இருக்கப்போவதை முழுக் கோட்டால் கீறுவோம், இடிக்கப்போவதை விட்டுவிட்டு வரும் கோட்டால். மறுநாள் கணினியில் அந்த உத்திரத்தைத் தெரிவுசெய்து ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். கோடு துண்டு துண்டாகியது. பக்கத்தில் 'அலங்கார மரம்' என்று எழுதினேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

விசா வந்தது. இடிக்கிற அன்று முதலாளி என்னைத்தான் மேற்பார்வைக்கு அனுப்பினார். பலகைச் சுவர்களெல்லாம் மளமளவென்று விழுந்தன. அந்த உத்திரம் மட்டும் அசையவில்லை. இயந்திரக்காரர் இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு இறங்கி வந்து, படத்தை நீட்டினார். அலங்காரம் என்றுதானே போட்டிருக்கிறது, யார் கீறியது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான்தான், என் பிழைதான், மன்னியுங்கள் என்றேன்.

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, பெரிய இயந்திரத்தைக் கொண்டுவரப் போனார்.