ஜிகினா மாலை கட்டிய ரேடார்

அலுமினியக் குழாய் அறுக்கும் சத்தம் பல்லைக் கூச வைக்கும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி வரை அதுதான்... அந்தச் சத்தத்துக்குள்தான் என் முதல் வேலை.

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட். டிப்ளமோ முடித்த கையோடு டெஸ்டிங்கில் சேர்ந்தேன். வானகரத்திலிருந்து தினமும் பஸ். மொட்டை மாடி டிவி ஆன்டெனா மாதிரி மூன்று கம்பி வைத்த ஆன்டெனாக்களைச் செய்தோம். ஒரே வித்தியாசம், இவை வானத்தைப் பார்த்து நிற்கும்.

வாங்குகிறவர்கள் வானிலை ஆராய்ச்சிக்காரர்கள். மேகமே இல்லாத இடத்தில் விமானம் திடீரென்று குலுங்குகிறதே, அந்தக் காற்றைப் படிக்கும் ரேடாருக்காக. "வெறும் காத்துல பட்டு சிக்னல் எப்படி சார் திரும்பி வரும்?" என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன்.

அவர் கையிலிருந்த நன்னாரி சர்பத்தைக் காட்டினார். சிரப்பும் தண்ணீரும் கலக்கும்போது உள்ளே நெளிநெளியாகத் தெரியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கிற இடமும் அப்படித்தானாம். ரேடார் அலையில் துளியூண்டு அங்கிருந்து திரும்பி வருமாம். துளியூண்டு என்பதால், நம் பக்கம் சின்னக் குறை இருந்தாலும் அந்தச் சிக்னலே தெரியாமல் போய்விடும் என்றார்.

யூனிட்டுக்குப் பின்னால் காலி மனையில் பதினாறு ஆன்டெனாக்களை நட்டு டெஸ்ட் செய்தோம். கேபிள் இணைப்புகள் எல்லாம் டேனியல் அண்ணன் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தவை. நாற்பதைத் தாண்டியவர். வேலையில் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஆர்டர் முடிந்ததும் அவரைச் சூப்பர்வைசர் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். வீட்டிலும் சொல்லிவிட்டேன் என்று எங்களிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

முதல் டெஸ்டில் வெட்ட வெளி வானத்திலிருந்து சிக்னல் அழகாக வந்தது. இறுதி டெஸ்டுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வரும் தேதியும் முடிவானது.

இடையில் ஆயுத பூஜை வந்தது...

லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்கு மாலை. ஆன்டெனாவை மட்டும் எப்படி விடுவது? பூ போதவில்லை. நான்தான் அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் ஜிகினா மாலை வாங்கி வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, பதினாறிலும் கம்பியோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது டேனியல் அண்ணன்.

"நல்லா இஸ்த்துக் கட்டும்மா. காத்துல அவுந்துக்கப் போவுது."

எங்கள் யூனிட்டில் ஒரு பழக்கம். பூஜையில் கட்டியதை யாரும் அவிழ்க்க மாட்டோம், அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். பூ நாலு நாளில் உதிர்ந்துவிட்டது. ஜிகினா எங்கே காயும்? வெயிலில் பளபளத்துக்கொண்டு அப்படியே இருந்தது. எங்கள் கண்ணுக்கு அது சாமி சமாச்சாரம், யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் ரேடாரை ஆன் செய்தால் மேலிருந்து எதுவும் வரவில்லை. அனுப்பும் பவர் மேலே போகாமல் திரும்பி வந்தால் காட்டுவதற்கு ஒரு மீட்டர் உண்டு. அது எகிறியது. அப்படி எகிறினால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது இணைப்பைத்தான்.

"இன்னா டேனியலு, ஜாயின்ட்ல கோட்டை வுட்டுட்டியா?" என்றார் முதலாளி.

"இல்ல சார்... நல்லாத்தான் கீது."

நல்லாத்தான் இருந்தது. இருந்தாலும் வெயிலில் உட்கார்ந்து இரண்டு நாள், ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி சால்டர் வைத்தார். மீட்டர் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம். கடைசி இணைப்பையும் மறுபடி வைத்து முடித்துவிட்டு டேனியல் அண்ணனும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். காற்று வீசும்போது மீட்டர் முள் ஆடுவதையும் காற்று நின்றால் அது நிற்பதையும் பார்த்தேன். நிமிர்ந்தால் ஜிகினா ஆடிக்கொண்டிருந்தது.

ஜிகினா என்றால் உலோகப் பூச்சு. அதைக் கொண்டுபோய் ஆன்டெனாக் கம்பியில் சுற்றியிருக்கிறேன், டெஸ்டிங்கில் சம்பளம் வாங்குகிற நான்.

பதினாறையும் அவிழ்த்து லஞ்ச் பையில் திணித்தேன். முள் கீழே இறங்கியது. சாப்பிட்டு வந்தவர்கள், கடைசி ஜாயின்ட் வைத்ததில்தான் சரியானது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். சிக்னல் வந்தது. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ரெண்டாவது வாட்டி ஒயுங்கா வெச்சான், சரியாயிடுச்சு. மொத வாட்டியே வெச்சிருந்தா நமக்கு இந்த மூணு நாள் டென்ஷன் வந்திருக்காது." மாலை காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. சூப்பர்வைசர் பேச்சு அதோடு நின்றது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் டேனியல் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மொத வாட்டியும் நான் கரெக்டாத்தான் வெச்சேன்மா. நீயாச்சும் நம்புறியா?"

"நம்புறேன்ணா."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பை மடியில் இருந்தது, ஜிகினா இன்னும் அதற்குள்ளேயே. இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

இப்போது அந்தக் காலி மனையில் பெரிய குடோன். நான் வேறு கம்பெனி, வேலைக்காக அடிக்கடி விமானத்தில் போகிறேன். வானம் பளிச்சென்று இருக்கும்போது குலுங்கினால் பக்கத்து சீட்காரர்கள் கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறார்கள். எனக்குப் பயம் வருவதில்லை, டேனியல் அண்ணன் ஞாபகம்தான் வருகிறது.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பயந்தேன். இன்று என்னைத் திட்ட யாரும் இல்லை, அதனால் இங்கே தைரியமாக எழுதுகிறேன். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

பழைய யூனிட் ஆட்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அண்ணன் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவரிடம் காட்டுங்கள்... நம்புகிறேன் என்று நான் சொன்னது பொய். நம்புவதற்கு அதில் என்ன இருந்தது? அவர் சரியாகத்தான் வைத்தார் என்று எனக்கு அப்போதே தெரியும்.