சுடுவதற்காக வளர்த்த கோழிகள்

முதலில் ஒரு குஞ்சின் முதுகில் ஒரு பொட்டு இரத்தம் தெரியும். மற்றக் குஞ்சுகளின் கண்ணில் அது பட்டுவிட்டால் கொத்தத் தொடங்கிவிடும். காலையில் மிளகளவு இருந்த காயம் பத்து மணிக்கு ஐம்பது பென்ஸ் நாணயக் குற்றியளவு ஆகும். மதியம் அந்தக் குஞ்சு உயிரோடு நின்றுகொண்டிருக்க, இன்னொன்று அதன் குடலை இழுத்துக்கொண்டு ஓடும். அதைப் பறிக்க இருபது குஞ்சுகள் துரத்தும். நான் பண்ணையில் சேர்ந்த முதல் கிழமையில் மூன்று தடவை இதைப் பார்த்தேன்.

பண்ணை குரோய்டனுக்கு அப்பால். டிராமின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் முதலாளியின் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். கவுன்சில் வரிக் கணக்கில் அதுவும் லண்டன்தான். மேட்டில் ஏறி நின்றால் நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். மேட்டின் மறுபக்கம் வயலும் காடும்.

வளர்த்தது ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி இனம். சேவல் செம்பு நிறம், நீண்ட வால். பேடு காய்ந்த இலை நிறம். பறக்கும்போது சுடுவதற்காகவே இவற்றை வளர்க்கிறார்கள். ஏழு வாரக் குஞ்சுகளை வேட்டைக் காடு வைத்திருப்பவர்கள் வாங்கிப்போவார்கள். அவர்களுடைய காட்டில் இலையுதிர் காலத்தில் விருந்தினர்கள் காசு கட்டிச் சுடுவார்கள். எங்கள் முதலாளி விற்றதுபோக மிச்சத்தைத் தன் காட்டிலேயே விட்டு, தானும் அதே தொழிலைச் செய்தார். நாங்கள் எல்லாவற்றையும் கோழி என்றே சொன்னோம்.

கொத்திக் கொல்லாமல் இருக்க ஒவ்வொரு குஞ்சின் அலகுக்குள்ளும் சிறு பிளாஸ்டிக் வளையம் மாட்ட வேண்டும். அந்த மேசையில் எனக்கு எதிரே நின்றவர் மன்னார்க்காரர், ஐம்பது வயதிருக்கும். முதல் நாளே என்னைத் தங்கச்சி என்றார். நான் அண்ணை என்றேன். ஊரில் பத்திரிகை நிருபராக இருந்தேன் என்றும் சொன்னேன்.

"பேப்பரில என்ன எழுதினனீ, தங்கச்சி?"

"கோட்டுக் கேசும் ஆஸ்பத்திரிச் செய்தியும்."

"அப்ப இரத்தம் பழகின சாமான்தானே. இறுக்கிப் பிடி. நீ என்ன, அதிட்ட பேட்டியே எடுக்கிறாய்?"

அவருடைய மனைவி மன்னாரில் இருந்தார். அவரை லண்டனுக்கு அழைக்கும் விசாவுக்கு ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை செய்த சம்பளச் சீட்டுகளும், வேலை தொடர்கிறது என்று முதலாளி எழுதிய கடிதமும் வேண்டும். முந்தைய வருடம் அவர் வேலை செய்த ரெஸ்ரோரண்ட் நாலாம் மாதத்தில் மூடிவிட்டது. விண்ணப்பம் போடவே முடியவில்லை. இங்கே ஜூனில் சேர்ந்தார். நவம்பர் முடியும்வரை இந்த வேலை போகக்கூடாது. வளையம் மாட்டிக்கொண்டே இதை ஒரு முறைதான் சொன்னார். பிறகு ஒவ்வொரு மாத முடிவிலும் "இன்னும் மூண்டு", "இன்னும் ரெண்டு" என்று மட்டும் சொன்னார்.

ஓகஸ்டில் காட்டுக்குள் கம்பிவலை அடைப்பில் பறவைகளை விட்டோம். முதலாளி சொன்ன விதி சுருக்கமானது. ஒரு முறை விசில் அடி. தீனித் தொட்டியை நிரப்பு. திரும்பிப் பார்க்காமல் போய்விடு. நிற்காதே, பேசாதே.

அண்ணை நின்றார், பேசினார். விசில் அவருக்குச் சரிவரவில்லை. "பா… பா… பா…" என்று வீட்டுக் கோழியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, கோதுமையைக் கையால் அள்ளி எறிந்தார். செப்டெம்பரில் அவர் குரல் கேட்டால் மரத்தில் நின்றவையும் இறங்கி ஓடிவந்தன. காலைச் சுற்றி நின்று சப்பாத்துக் கயிற்றைக் கொத்தின. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது பிழையென்று எனக்கும் தோன்றவில்லை.

ஒக்டோபர் தொடக்கத்தில் முதலாளி தன் நண்பர்களை வைத்து ஒத்திகை பார்த்தார். நாங்கள் தடியால் மரங்களைத் தட்டிக்கொண்டு வரிசையாகக் காட்டுக்குள் நடக்க வேண்டும். பறவைகள் முன்னால் ஓடி, காடு முடியும் இடத்தில் எழும்பி, பள்ளத்தில் துவக்கோடு நிற்பவர்களின் தலைக்கு மேலாகப் பறக்க வேண்டும். நிலத்தில் நிற்பதைச் சுடுவது அவர்களுக்கு இழுக்கு.

அன்று பத்துப் பதினைந்துதான் எழும்பின. மற்றவை திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்தன. அண்ணை தடியை ஆட்டினார். தீனி எறிகிறார் என்று நினைத்து இன்னும் நெருங்கின. காட்டைவிட்டு அவர் வெளியே வந்தபோது அறுபது பறவைகள் பின்னால் வந்தன. பள்ளத்தில் ஒருவர் சுடாமலே துவக்கை மடித்துவிட்டுச் சிரித்தார். "அவனுக்கு ஒரு கூடை கொடுங்கள். கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறான்போல."

முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த மாத முதல் சனிக்கிழமை எட்டு விருந்தினர்கள் வருகிறார்கள் என்றார். அன்றும் இப்படி நடந்தால் திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்றார். அண்ணை ஆங்கிலத்தில் சரி என்றார்.

அடுத்த நாள் காலை அவர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, பண்ணை நாயைக் கொண்டு வா. கயிற்றில பிடி. நான் சொல்லேக்க விடு."

"என்ன செய்யப் போறியள்?"

"என்னைக் கண்டா பயப்பிட வைக்கோணும். வேற வழி இருந்தா நீ சொல்லு."

நான் போய் நாயைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தேன்.

அவர் வெட்டவெளியில் நின்று, "பா… பா… பா…" என்று கூப்பிட்டார். வழக்கம்போல ஓடிவந்தன. கோதுமையை எறிந்தார். அவை குனிந்து கொத்தத் தொடங்கியதும், "விடு" என்றார். கயிறு என் கையில் இருந்தது. விட்டேன். நாய் நேரே நடுவுக்குப் பாய்ந்தது. அண்ணை தடியைத் தாழ்வாக, புல் வெட்டுவதுபோல வீசினார். முதல் அடியில் ஒரு பேட்டின் இரண்டு கால்களும் முறிந்தன. அது சிறகை நிலத்தில் அடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. பல பறவைகள் அப்போதும் பறக்கவில்லை. பத்தடி தள்ளிப்போய் நின்று அவரைப் பார்த்தன. அவர் மறுபடியும் கூப்பிட்டார். வந்தன. மறுபடியும் அடித்தார்.

நாய் ஒரு சேவலைக் கழுத்தோடு கவ்வி உதறியது. தலை கழன்று தொங்கியது. அண்ணை கால் முறிந்த பேட்டைத் தூக்கி, கழுத்தை இழுத்து முறுக்கினார். என்னைப் பார்க்காமல், "எத்தினை?" என்று கேட்டார்.

"நாலு."

"காணாது. இன்னும் நிக்குதுகள்."

ஐந்து நாட்கள் இதைச் செய்தோம். இரண்டாம் நாள் அவை தயங்கி வந்தன. மூன்றாம் நாள் தீனிக்கு அருகில் வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அன்று ஒரு சேவல் அவர் முழங்கையை நகத்தால் கிழித்தது. இரத்தம் விரலில் வடிய, அதைச் சப்பாத்தால் மிதித்துக் கொன்றார். தேவைக்கு மேலாக மிதித்தார். அதையும் எழுத வேண்டும். "அண்ணை, காணும்" என்றேன். "வாயை மூடு" என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு முறைதான்.

ஐந்தாம் நாள் அவர் வாயைத் திறந்ததும் காடு முழுக்க வெடித்ததுபோல எழும்பிப் பறந்தன. ஒன்றும் நிலத்தில் நிற்கவில்லை. அவர் தடியை மரத்தில் சாய்த்துவிட்டு வெகுநேரம் இருமினார்.

நவம்பர் முதல் சனிக்கிழமை தடியால் தட்டும் வேலையே இருக்கவில்லை. அவர் குரலுக்குப் பறவைகள் எழும்புவதைப் பார்த்திருந்த முதலாளி அவரைக் காட்டின் பின்பக்கம் நிறுத்தினார். எட்டுப் பேரும் பள்ளத்தில் இடம்பிடித்ததும் கையை உயர்த்தினார். அண்ணை கூப்பிட்டார். பறவைகள் உயரமாக, ஒன்றன்பின் ஒன்றாகத் துவக்குகளுக்கு மேலே போயின. விழும் பறவை சத்தம் போடாது. நிலத்தில் மோதும்போதுதான் சத்தம், ஈரத் துணி மூட்டையைப் போட்டதுபோல. சில எழும்பி ஓடும். அவற்றைத் துரத்திப் பிடித்துத் தலையில் அடிப்பது எங்கள் வேலை. பிற்பகலுக்குள் நான் நூற்றுப் பன்னிரண்டு எண்ணினேன். சேவலும் பேடுமாகக் கழுத்தில் கட்டி வேனில் தொங்கவிட்டோம். வேனின் தரையிலிருந்து சக்கரத்தின் மேல் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் விருந்தினர்கள் அது என்ன கூச்சல் என்று கேட்டார்கள். முதலாளி அண்ணையைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் ஒரு முறை செய்துகாட்டச் சொன்னார். செய்தார். அவர்கள் கிளாஸைப் பிடித்தபடி, "பா பா பா" என்று சேர்ந்து கத்தினார்கள். தூரத்தில், பிழைத்தவை மறுபடியும் எழும்பிப் பறந்தன. கைதட்டினார்கள். இனி ஒவ்வொரு வருடமும் இப்படியே பழக்கு என்றார் முதலாளி. எல்லா அடைப்புகளும் உன் பொறுப்பு.

நவம்பர் கடைசியில் முதலாளி அந்தக் கடிதத்தைத் தந்தார். வேனில் ஏறியதும் அண்ணை அதை என்னிடம் நீட்டினார்.

"வாசி. பிழை ஒண்டும் இருக்கக்கூடாது."

நான்கு வரி. சேர்ந்த திகதி சரி. வேலை நிரந்தரம். பறவைகளைக் கையாள்வதில் இவருக்கு அபூர்வமான திறமை உண்டு என்று மூன்றாம் வரி சொன்னது. பிழையில்லை என்றேன். படம் எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டு, உடனேயே வீடியோவில் அழைத்தார். மனைவியின் முகம் ஒரு பக்கம் விளக்கு வெளிச்சத்தில் இருந்தது.

"விசாக்காரர் அங்க என்ன வேலை எண்டு கேட்டா என்னத்தைச் சொல்ல?"

"கோழி வளர்க்கிறார் எண்டு சொல்லு."

"முந்தி சொன்னியளே, கூப்பிட்டா காலடிக்கு வருமெண்டு. எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்."

அண்ணை போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"இப்ப வராதுகள்," என்றார். "நீ பாஸ்போட் படம் எடுத்திட்டியோ?"