எலும்புக்கு அறுத்த தாலி

இலங்கை மலையகத்தில் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா, புருஷன் சின்னராசா மண்சரிவில் போய் ஏழு வருஷம்வரை பொட்டை அழிக்கவில்லை. உடம்பைக் காட்டாமல் தாலியை அறுக்கச் சொல்ல நீங்கள் யார் என்று சொந்தக்காரர்களிடமே கேட்டவள். மலை சரிந்த அன்று, தொழிலாளர் வீட்டுவரிசையான லயத்தில் பாதி மண்ணுக்குள் போனது. பெக்கோ இயந்திரம் சில நாள் தோண்டியது. மேலே மண் இன்னும் இளகுகிறது, ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள். மற்ற எல்லாரும் கிடைத்தார்கள், சின்னராசாவைத் தவிர. அவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடலாமா, கூடாதா என்று ஊர் திண்டாடியது. அவளோ கூப்பிடாத கல்யாணத்துக்கும் பூ வைத்துக்கொண்டு போனாள்.

போன வருஷம் சரிவின் அடியில் பாதை வெட்டியபோது, ஒரு பெரிய பாறைக்குக் கீழிருந்து மண்டையோடும் கை எலும்புகளும் வந்தன. மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. சின்னராசாவுக்கும் அந்தப் பல் இல்லை, படியில் வழுக்கி விழுந்து போனது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பொலிஸ் வந்து எலும்பைக் கொண்டுபோனது. பரிசோதனை முடியட்டும், பொறு என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. படத்தை வைத்துக் கருமாதி செய்தார்கள். வளையலை உடைத்து, பொட்டை அழித்து, தாலியை அறுத்துப் பாலில் போட்டார்கள். அழுது முடித்து, வெகுகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

பிறகுதான் வினை வந்தது. எலும்பைப் பார்த்த டாக்டர் அதன் வயதில் சந்தேகம் கிளப்பினார். கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து கூடாரம் அடித்தார்கள். அவர்களுக்குள்ளேயே சண்டை. தேய்ந்த பல்லும் தடித்த தாடையும் கூடக் கிடைத்த கல் ஆயுதங்களும் ஆதிமனிதனையே காட்டுகின்றன என்றார் ஒரு பேராசிரியர். கல் பழசாக இருக்கலாம், சரிவு எல்லாவற்றையும் கலக்கிவிட்டது, எலும்பு பிற்காலத்தது என்றார் இன்னொருவர். பேச்சியம்மா இரண்டாமவர் கட்சி. அவர் பேச்சு ஜெயிக்க வேண்டுமென்று முருகனுக்கு அர்ச்சனை வைத்தாள். அப்படியொரு அர்ச்சனை நடந்தது அந்தப் பேராசிரியருக்கு இன்றுவரை தெரியாது.

முருகன் கைவிட்டுவிட்டான். பல்லை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்ததில், பத்தாயிரம் வருஷத்துக்கும் மேல் என்று முடிவு வந்தது. தோற்ற பேராசிரியர் சிரித்தபடி ஜெயித்தவருக்குக் கை கொடுத்தார். அவருக்கு என்ன, போனது ஒரு கருத்துத்தானே.

கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூட வேலை செய்யும் ராக்காயி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பத்தாயிரம் வருசத்துக் கெழவனுக்குல்ல தாலி அறுத்திருக்கா" என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அறுத்ததைத் திரும்பக் கட்டவும் வழியில்லை, கட்டவேண்டியவன் மண்ணுக்குள் கிடக்கிறான்.

பேச்சியம்மா நேராக ஆராய்ச்சிக்காரர்கள் தோண்டும் குழிக்குப் போனாள். அங்கே மண்ணைத் தூரிகையால் தட்டி, சல்லடையில் சலித்து, விரல்நுனி எலும்பைக்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தன் புருஷனைப் பெக்கோவால் தேடியது நினைவுக்கு வந்தது. குழுவில் ஹட்டன் ஊர்ப் பெண் ஒருத்தி, ஜெனுஷா என்று பெயர், தமிழ் பேசுபவள். மேலே லயம் இருந்த பக்கமும் கொஞ்சம் தோண்டச் சொல்லு என்று அவளிடம் கெஞ்சினாள்.

ஜெனுஷா ஜெயித்த பேராசிரியரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "தோண்ட அனுமதி இந்தப் பாறைக்கு மட்டுந்தானாம்மா. அதோட, அவங்க ஆராயிறது ஆதிகாலத்தை மட்டுந்தானாம்."

"இது அவரு இல்லன்னு கண்டுபுடிச்சுச் சொன்னீங்கள்ல, புள்ள. அப்ப அவரு எங்கன்னும் நீங்கதானே சொல்லணும்?"

ஜெனுஷா அதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மா மண்வெட்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தானே லயம் இருந்த மேட்டுக்கு ஏறினாள். முழங்கால் ஆழம்கூட வெட்டியிருக்கமாட்டாள், காவல்காரன் ஓடி வந்துவிட்டான். ஆதிமனிதன் கிடைத்த மலை, இனி யாரும் இதில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவாம். தோண்டும் அனுமதிதான் பாறைக்கு மட்டும், தடை மலை முழுவதற்கும். மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, அவள் வெட்டிய குழியை அவள் கண்ணெதிரிலேயே மூடினான்.