கதாநாயகியின் நிறம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்தான். அதனால் சின்ன வயதிலேயே எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவும் அவள் தங்கையான சின்னம்மாவும் மாலையில் ஊதுவத்தி உருட்ட உட்காரும்போது, நான் மாத நாவல் வாசித்துக் காட்ட வேண்டும். ஸ்ரீராம்புரத்துச் சந்தில் ஒற்றை அறை வீடு. கரிமாவு அப்பிய கைகள் பலகையில் ஓடிக்கொண்டிருக்கும். முத்தம் வருகிற இடத்தில் அம்மா, "அத தாண்டிப் போடா" என்பாள். "அதுக்குத்தானேக்கா வாடக குடுத்து எடுத்தாறேன்" என்பாள் சின்னம்மா.

நாவல் எடுத்து வருவது சின்னம்மாதான். எழுத்து தெரியாது. கடையில் அட்டைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாள்.

எல்லாக் கதையிலும் கதாநாயகி சிவப்பு. எலுமிச்சை நிறம், ரோஜா நிறம், சந்தன நிறம். கறுத்த பெண் வந்தால் வேலைக்காரியாக இருப்பாள், இல்லாவிட்டால் சிரிப்பு மூட்டும் தோழியாக, சதி செய்கிறவளாக. அதெல்லாம் எனக்கு உறைத்ததே இல்லை, அந்தத் தை மாதம் வரை. சின்னம்மாவைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. முன்பே இரண்டு இடம் வந்து போயிருந்தது. "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மின்றாங்கம்மா" என்று தரகர் வாசலில் நின்று இழுத்ததை நானும் கேட்டிருந்தேன். எங்கள் எல்லாரையும்விடச் சின்னம்மா கறுப்பு.

அந்த வாரம் வந்த நாவலின் முதல் பக்கத்திலேயே, பாலில் குங்குமப்பூ கலந்த நிறம் என்று இருந்தது. சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "அவள் நல்ல கறுப்பு" என்று வாய் தானாக வாசித்துவிட்டது.

உருட்டிய கை நின்றது. "இன்னாடா சொன்ன?"

"நல்ல கறுப்பு. களையான மொகம்னு போட்டிருக்கு."

"அப்படியா" என்றாள். மறுபடி உருட்டினாள்.

மறுநாள் அந்த நாவலுக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தாள். "கையெல்லாம் கரிடா. புக்கு அழுக்கானா கடக்காரன் திட்டுவான்."

ஒரு பக்கத்தில் பொய் சொல்லிவிட்டேன். மிச்சப் பக்கங்களில் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்ததே! கரண்ட் போன இருட்டில் கதாநாயகியின் முகம் மின்னுவதை வைத்துத்தான் கதாநாயகன் அவளைக் கண்டுபிடிக்கிறான். நான் அவளை இரும வைத்தேன். வெட்கத்தில் கன்னம் சிவந்தது என்று வந்தது. கன்னம் சுட்டது என்றேன். சதி செய்கிற கறுத்த அத்தை மகளை வெள்ளைக்காரி மாதிரி ஆக்கினேன். நேற்று என்ன சொன்னோம் என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, வாய்ப்பாடு மாதிரி மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பயந்தது போலவே ஒருநாள் பி.யு.சி. படிக்கும் எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஐயே, இந்தக் கதையா? நான் படிச்சிட்டேன். அவ செக்கச்செவேல்னு இருப்பாளே!" என்றாள். நான் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

சின்னம்மா தலை நிமிரவில்லை. "நீ படிச்சது வேற கதடி."

"இல்லக்கா, நெஜமா..."

"உங்கம்மா கூப்புடறா பாரு. நீ படிடா ராஜா."

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஓசூர்க்காரர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மா பவுடர் டப்பாவை நீட்டினாள். "கொஞ்சம் திக்கா பூசிக்கடி." சின்னம்மா முகம் கழுவித் துடைத்தபடி, "வேணாம்க்கா, இப்படியே பாக்கட்டும்" என்றாள். நான் வாசித்ததை நம்பியல்லவா இப்படி நிற்கிறாள்! மாப்பிள்ளையின் அம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எரிகிற டியூப்லைட்டைப் பார்த்தாள். "இந்த வீட்ல வெளிச்சமே கம்மி" என்றாள்.

ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்றவர்கள் சொல்லவே இல்லை. அவள் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான். சொல்லிவிடலாம் என்று ஒரு மாலை, "சின்னம்மா, அந்தக் கதையில..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் முடிஞ்சிபோச்சே" என்று புது நாவலை என் மடியில் வைத்தாள். கடையிலிருந்து வந்ததுமே அதற்கும் அட்டை போட்டாகிவிட்டது. "படி. இவ எப்படியிருக்கா?"

"கறுப்பு" என்றேன்.

"நல்லாப் பாத்துப் படி."

"நல்ல கறுப்பு."

"ம், மேல போ."

பிற்பாடு கல்லூரியில் தமிழ் எடுத்துப் படித்தேன். பழைய அகப்பாடல்களில் தலைவியின் மேனி மாந்தளிர் போல் மாநிறம். காதலன் பிரிந்தால் அது வெளுத்துப் போகும், அந்த வெளுப்புதான் நோய். இதைப் படித்த அன்றே, கல்யாணமாகிப் போயிருந்த சின்னம்மா வீட்டுக்கு ஓடினேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டுவிட்டு, "இதுவும் நீயா சேத்துக்கினதாடா?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் யோசித்தேன். அட்டைப் படத்தில் இருப்பவள் என்ன நிறம் என்று பார்க்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. அந்தத் தை மாதத்துக்கு முன்னாலும் அவள் கைகள் கரியாகத்தான் இருந்தன. அப்போதெல்லாம் ஒரு நாவலுக்கும் அவள் அட்டை போட்டதில்லை.