இடுப்புக்குத் தனி கலோரி

என் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தும் என்று சோதனை முடிவு வந்த அன்று, வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினேன். நான் உருப்பட மாட்டேன் என்று அந்தப் பாயசத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எல்லாம் பொருந்துது. ஆனா இந்த எடையில உங்கள ஆபரேஷன் டேபிள்ல ஏத்த முடியாதும்மா. எட்டு கிலோ குறைச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க, தேதி தர்றேன்" என்றார் டாக்டரம்மா. ஊரப்பாக்கத்திலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அலைந்துகொண்டிருந்த தம்பி பக்கத்திலேயே இருந்தான். "எட்டு கிலோதானே டாக்டர்? எங்கக்கா ஒருநாள் கோபத்துலயே குறைச்சிடுவா" என்றான். எனக்குக் கோபம் வரும் என்பது மேற்குத் தாம்பரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்கும் அன்று தெரிந்துபோயிற்று.

மறுநாளே களத்தில் இறங்கினேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறைக்கு ஜிம் என்று பெயர். உள்ளே ஒரு டிரெட்மில்லும், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும், யாரோ விட்டுப்போன கொலுப் படிகளும் இருக்கும். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அதில் முக்கால் மணி நேரம் நடப்பேன். நடந்து முடித்தால் டிரெட்மில் திரை இருநூற்று நாற்பது கலோரி எரிந்தது என்று காட்டும். கையில் கட்டிய புதுக் கடிகாரம் முந்நூற்றுப் பத்து என்னும். இடுப்பில் செருகிய போன் நூற்றுத் தொண்ணூறு என்னும்.

மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் புத்தியுள்ளவள் என்ன செய்வாள்? எல்லாவற்றிலும் குறைந்ததை எடுத்துக்கொள்வாள். நான் யோசித்தேன். டிரெட்மில் என் காலுக்கடியில் இருக்கிறது, ஆகவே அது காலை எண்ணுகிறது. கடிகாரம் கையை எண்ணுகிறது. இடுப்பில் இருக்கும் போன் வேறு எதை எண்ணும்? இடுப்பைத்தான். மூன்றையும் கூட்டினேன். எழுநூற்று நாற்பது! இத்தனை வருஷம் என் இடுப்பின் உழைப்பை யாருமே மதிக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

அந்த எண்ணைப் போனில் இருந்த ஆப்பில் போட்டால், எரித்ததில் இவ்வளவை இன்னும் சாப்பிடலாம் என்று அது தாராளமாகச் சொல்லும். சொன்ன பிறகு சாப்பிடாமல் இருக்க நான் என்ன முனிவரா? தெருமுனை பஜ்ஜிக் கடைக்காரம்மா என்னைப் பார்த்ததுமே கரண்டியைக் கையில் எடுத்துவிடுவாள்.

"இன்னாக்கா, இன்னிக்கு எத்தினி எரிச்ச?"

"எழுநூத்தி நாப்பது."

"அப்போ நாலு பஜ்ஜி துன்னலாம். நீ பாட்டுக்கு நடந்துகினே இரு, நான் சுட்டுகினே இருக்கேன்."

"கல்யாணமான இருபத்தஞ்சு வருஷத்துல நீ தினமும் பஜ்ஜி சாப்பிட்டு நான் பார்த்ததில்ல. உடற்பயிற்சி ஆரம்பிச்ச பிறகுதான் இந்தப் பழக்கம்" என்றார் என் கணவர். அறிவியல் தெரியாத மனிதர், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை திருநீர்மலைக் கோயில் படி. ஏறியதற்கு ஆப்பில் கலோரி எழுதினேன், இறங்கியதற்கும் அதே அளவு எழுதினேன். பெருமாள் பிரசாதம் என்பதால் புளியோதரையை மட்டும் எழுதவில்லை. புரட்டாசி பஜனையில் கை தட்டியபோது கடிகாரத்தில் எண்கள் மளமளவென்று ஏறுவதைக் கவனித்தேன். அதன் பிறகு பஜனையில் என்னைவிட உருக்கமாகத் தாளம் போட்டவர் யாருமில்லை. பாகவதரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

எடை மெஷினில் மட்டும் ஏறவேயில்லை. பதினோரு கிலோ குறைந்திருப்பேன் என்று ஆப்பே கூட்டிக் கழித்துச் சொல்லும்போது தனியாக மெஷின் எதற்கு? ரவிக்கை இறுகியது. துணியைத் திருடுகிறாயா என்று டெய்லரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

மூன்று மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் போன அன்று, தம்பி டயாலிசிஸ் முடித்து வெளியே பெஞ்சில் காத்திருந்தான். நான் நிமிர்ந்த நடையோடு உள்ளே போய் மெஷினில் ஏறினேன். ஒன்றரை கிலோ கூடியிருந்தது.

"மெஷின் ரிப்பேர் டாக்டர்" என்றேன். பிறகு கோபத்தில் போனை நீட்டி, கால், கை, இடுப்பு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இடுப்புக்குத் தனியாவா?"

"ஆமா."

"நீங்க நடந்தது ஒரே நடைம்மா. அந்த ஒரே நடையைத்தான் மூணும் குத்துமதிப்பா சொல்லுது. நீங்க சும்மா உக்காந்திருந்தாலே எரியறது கொஞ்சம் இருக்கு, அதையும் சேர்த்துச் சொல்ற மெஷினும் உண்டு. அதை நம்பி நீங்க சாப்பிட்டிருக்கீங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இப்ப தேதி தர முடியாது. இன்னும் மூணு மாசம் போகட்டும்."

வெளியே வந்தேன். "தேதி குடுத்தாங்களாக்கா?" என்று எழுந்து நின்றான் தம்பி. பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்புக் கணக்கைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. என் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு உண்டு. அவன் பாட்டில் மூடியில் தண்ணீரை ஊற்றினான். விளிம்பைத் தாண்டிவிடாமல் உற்றுப் பார்த்துவிட்டுக் குடித்தான். இன்னொரு மூடி குடித்தான். பிறகு பாட்டிலைத் திருகி மூடினான். உதடு இன்னும் காய்ந்துதான் இருந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"இன்னும் கொஞ்சம் குடிடா. ஒரு வாய்ல என்ன ஆயிடப் போவுது?"

"வேணாம்க்கா. இன்னிக்கு அஞ்சு மூடிதான் பாக்கி. ராத்திரி மாத்திரைக்கு வேணும்."